யோனி நுண்ணுயிர் ஆய்வு: மாதிரி எடுப்பதிலிருந்து முடிவு சொல்வது வரை

லாக்டோபேசில்லஸ் ஐனர்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு 1999-இல்தான் பெயர் வைத்தார்கள். பெண்களின் யோனி மாதிரிகளில் இன்று உலகெங்கும் மிக அதிகமாகத் தென்படும் இனங்களில் அதுவும் ஒன்று. ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், யோனியில் வாழும் குச்சி வடிவ பாக்டீரியாக்களைப் பற்றி, அதாவது இன்றைய லாக்டோபேசில்லஸ் பற்றி, எழுதியது 1892-இல். இடையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அத்தனை காலம் ஐனர்ஸ் எங்கும் போய்விடவில்லை. லாக்டோபேசில்லஸ் வளர்க்க லேப்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் எம்ஆர்எஸ் அகார் என்ற வளர்ப்புக் கூழில் அது வளராது. ரத்தம் கலந்த அகார் வேண்டும். பாக்டீரியா வகைகளைப் பிரித்துக் காட்டும் கிராம் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தாலும் குட்டையாக, சாயம் சரியாகப் பிடிக்காமல், வேறு ஏதோ கிருமி போலத் தெரியும். தட்டில் முளைக்காததால் கணக்கிலும் வரவில்லை.

இந்த ஒரு உதாரணம் போதும், இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கலைப் புரிந்துகொள்ள. யோனியில் எந்த நுண்ணுயிர் வாழ்வது இயல்பு, எது நோய் என்று இன்று நாம் நம்புவதில் பெரும்பகுதி, மாதிரியை எப்படி எடுத்தார்கள், எதைக் கொண்டு படித்தார்கள் என்பதைப் பொறுத்தது. குறைப்பிரசவ ஆபத்து, எச்ஐவி தொற்று, மீண்டும் மீண்டும் வரும் வெள்ளைப்படுதல் என்று பெண்களின் உடல்நலத்தில் பெரிய முடிவுகள் இந்த ஆய்வுகளை நம்பி எடுக்கப்படுகின்றன. அதனால் முடிவைப் படிக்கும் முன் முறையைப் படிக்கப் பழக வேண்டும் என்பதே என் வாதம். அதற்கு முறை தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நுண்ணோக்கியின் காலம்

டிஎன்ஏ படிக்கும் இயந்திரங்கள் வருவதற்கு வெகு முன்பே யோனி மாதிரியைப் படிக்க இரண்டு நல்ல முறைகள் வந்துவிட்டன. இரண்டும் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்ற நிலையைக் கண்டுபிடிப்பதற்கானவை. லாக்டிக் அமிலம் தயாரித்து யோனியை அமிலமாக வைக்கும் லாக்டோபேசில்லஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா போன்ற வேறு பல பாக்டீரியாக்கள் பெருகும் நிலை அது.

முதலாவது 1983-இல் வந்த ஆம்செல் அளவுகோல். நான்கு அடையாளங்களில் மூன்று இருக்க வேண்டும்: மெல்லிய, சீரான வெள்ளைப்படுதல், பிஎச் (அமில அளவு, எண் ஏறினால் அமிலம் குறைவு) 4.5-க்கு மேல், 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் கிளம்பும் மீன் நாற்றம், நுண்ணோக்கியில் 'க்ளூ செல்'. க்ளூ செல் என்பது விளிம்பே தெரியாத அளவுக்கு பாக்டீரியா ஒட்டி மூடிய யோனிச் சுவர்ச் செல். எல்லாமே நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே செய்துவிடலாம்.

இரண்டாவது 1991-இன் நியூஜென்ட் மதிப்பெண். ஸ்லைடில் மாதிரியைத் தடவிக் காயவைத்து, கிராம் சாயம் போட்டு, ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் 1000 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பெரிய ஊதாக் குச்சிகள் எத்தனை, சாயம் சரியாகப் பிடிக்காத சின்னக் குச்சிகள் எத்தனை, வளைந்த குச்சிகள் எத்தனை என்று எண்ணி 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். 3 வரை இயல்பு. 7-உம் அதற்கு மேலும் வஜைனோசிஸ். 4 முதல் 6 வரை இடைநிலை.

அந்த இடைநிலை பெரிய தலைவலி. மைசூரில் 2005-06-இல் இளம்பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் 863 பேரின் ஸ்லைடுகளைப் பார்த்தார்கள். 165 பேருக்கு வஜைனோசிஸ், அதாவது 19.1%. அதோடு இன்னும் 133 பேர் இடைநிலையில் இருந்தார்கள். அந்த 133 பேரிடம் என்ன சொல்வது? நோயை நோக்கிப் போகிறார்களா, நோயிலிருந்து திரும்புகிறார்களா, அல்லது அவர்களுக்கு ஐனர்ஸ்தான் அதிகமாக இருந்து, சாயம் பிடிக்காததால் மதிப்பெண் ஏறிவிட்டதா? ஸ்லைடு வடிவத்தைத்தான் காட்டும். இனத்தைக் காட்டாது.

இத்தனை குறை இருந்தும் நியூஜென்ட் மதிப்பெண்ணை நான் மட்டமாகப் பேச மாட்டேன். ஒரு நல்ல நுண்ணோக்கி, பயிற்சி பெற்ற ஒரு லேப் டெக்னீஷியன், சில ரூபாய் சாயம் போதும். காய்ந்த ஸ்லைடை வருடக்கணக்கில் பத்திரப்படுத்தி, சந்தேகம் வந்தால் வேறொருவரிடம் காட்டலாம். மிக நவீன ஆய்வுகளும் ஸ்வாப்போடு ஒரு ஸ்லைடையும் சேர்த்தே எடுத்து வைக்கின்றன.

எங்கே, எப்போது, எதைக் கொண்டு

மாதிரி எடுப்பதுதான் மொத்த வேலையிலும் குறைவாகப் பேசப்படும் பகுதி. அதில் நடக்கும் தவறை அப்புறம் எந்தக் கணினியாலும் சரிசெய்ய முடியாது.

பெரும்பாலான ஆய்வுகளுக்கு ஸ்வாப்தான் கருவி: நுனியில் இழை வைத்த குச்சி. வெறும் பஞ்சு சுற்றியது இதற்கு அவ்வளவு உகந்ததல்ல. உள்ளே உறிஞ்சியதைச் சுலபத்தில் விடாது, சில நேரம் டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையையும் தடுக்கும். நைலான் இழைகளை நிற்க வைத்தாற்போல ஒட்டிய ஃபிளாக்டு ஸ்வாப் இப்போது பரவலாகிவிட்டது. அதைத் திரவத்தில் முக்கிச் சுழற்றினால் எடுத்ததில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

புரதமும் நோய் எதிர்ப்பு மூலக்கூறுகளும் வேண்டும் என்றால் சில குழுக்கள் யோனியை 10 மில்லிலிட்டர் அளவு உப்புக் கரைசலால் அலசி எடுப்பார்கள். நிறையக் கிடைக்கும். ஆனால் ஒவ்வொருவரிடமும் எவ்வளவு நீர்த்துப்போனது என்று தெரியாது. நீர்க்காத திரவம் வேண்டும் என்பவர்கள் மாதவிடாய்க் கப் போன்ற ஒன்றைச் சிறிது நேரம் வைத்து எடுக்கிறார்கள். கருப்பைவாய்ச் செல்கள் வேண்டும் என்றால் சின்ன பிரஷ். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை வைத்துத்தான் கருவியைத் தேர்வு செய்ய வேண்டும். ஓர் ஆய்வில் ஸ்வாப், இன்னொன்றில் அலசல் என்றால் இரண்டின் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

யோனியின் எந்தப் பகுதியில் எடுப்பது? அமெரிக்காவின் மனித மைக்ரோபயோம் (உடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம்) திட்டம் வாசல், நடுப்பகுதி, கருப்பைவாய்க்குப் பின்னால் உள்ள குழி என்று மூன்று இடங்களில் எடுத்துப் பார்த்தது. மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போயின. இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஆழத்தில் எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவி தேவையில்லை. பெண்கள் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். பெண்களே எடுத்த ஸ்வாப்பையும் மருத்துவர் எடுத்த ஸ்வாப்பையும் ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வந்தது. இரண்டும் ஒரே படத்தைத்தான் காட்டின.

என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் அதுவும் ஒன்று. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் சாரா லெபீர் குழு 2020-இல் தொடங்கிய 'இசாலா' திட்டம் அதை நம்பித்தான் நடந்தது. அந்நாட்டின் முதல் பெண் மருத்துவர் இசாலா வான் டீஸ்ட்டின் பெயர் அதற்கு. தன்னார்வமாக முன்வந்த பெண்கள் வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பினார்கள். 3,345 பேரின் மாதிரிகள் ஆய்வுக்கு வந்தன. மருத்துவமனைக்கு ஒவ்வொருவராக அழைத்து எடுத்திருந்தால் இந்த எண்ணிக்கையை எட்ட எவ்வளவு காலமும் பணமும் ஆகியிருக்கும்!

அடுத்தது, எப்போது எடுப்பது. மாதவிடாய் ரத்தத்தின் பிஎச் 7-க்கு மேல். விந்துவும் அப்படித்தான். இரண்டுமே யோனியின் அமிலத்தன்மையை இறக்கிவிடும். மாதவிடாய் நாட்களில் லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் குறைந்து ஐனர்ஸும் கார்ட்னெரெல்லாவும் ஏறுவது பல பெண்களிடம் பதிவாகியிருக்கிறது. ஸ்பெகுலத்தில் தடவும் ஜெல்கூட பிஎச் அளவைக் கெடுக்கும். அதனால் நல்ல ஆய்வு என்றால் மாதவிடாய் எந்த நாள், கடைசியாக எப்போது உடலுறவு, சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா, காப்பர்-டி இருக்கிறதா, யோனிக்குள் கழுவும் பழக்கம் உண்டா என்று எல்லாம் கேட்டுப் பதிந்திருக்கும். இவற்றைக் கேட்பது கூச்சம்தான். கேட்காமல் விட்டால் மாதவிடாயின் விளைவை நோயின் விளைவு என்று எழுதிவிடுவோம்.

ஒரே ஒரு முறை எடுத்தால் போதுமா என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. அமெரிக்காவில் 32 பெண்களிடம் வாரம் இருமுறை வீதம் 16 வாரங்கள் மாதிரி எடுத்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு கண்ணைத் திறந்தது. சிலரிடம் நான்கு மாதமும் ஒரே பாக்டீரியா ஆட்சி. வேறு சிலரிடம் சில நாட்களுக்குள் மொத்தக் கூட்டமும் மாறித் திரும்பியது, எந்த நோய் அறிகுறியும் இல்லாமலேயே. ஒரு நாள் எடுத்த ஸ்வாப்பை வைத்து ஒரு பெண்ணை 'இந்த வகை' என்று முத்திரை குத்துவது எவ்வளவு ஆபத்து என்று இது காட்டியது.

எடுத்த பிறகு மாதிரியை மைனஸ் 80 டிகிரியில் வைப்பது வழக்கம். முடியாத இடங்களில் டிஎன்ஏவைக் காக்கும் திரவக் குழாய்கள் இருக்கின்றன. ஆர்என்ஏ வேண்டுமானால் இன்னும் கண்டிப்பு தேவை, அது சீக்கிரம் சிதைந்துவிடும்.

செல்லை உடைப்பது

லாக்டோபேசில்லஸுக்குச் செல் சுவர் தடிமன். வஜைனோசிஸோடு சேர்ந்து வரும் பிரெவோட்டெல்லா போன்றவற்றுக்கு மெல்லிய சுவர். வேர்க்கடலையையும் திராட்சையையும் ஒரே அழுத்தத்தில் நசுக்கினால் திராட்சைச் சாறுதான் நிறைய வரும், கடலை ஓட்டோடு நிற்கும். மென்மையான முறையில் டிஎன்ஏ எடுத்தால் லாக்டோபேசில்லஸ் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், ஆரோக்கியமான பெண்ணுக்கும் கோளாறு இருப்பதுபோல ஒரு படம் கிடைக்கும். அதனால்தான் லைசோசைம், மியூட்டனோலைசின் போன்ற சுவர் கரைக்கும் என்சைம்களைச் சேர்த்து, சின்னஞ்சிறு மணிகளோடு குலுக்கி உடைக்கிறார்கள். முறை சரியா என்று பார்க்க, தெரிந்த பாக்டீரியாக்களைத் தெரிந்த அளவில் கலந்த போலி மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுவார்கள். கலந்த விகிதமே திரும்பி வந்தால் நம்பலாம்.

இன்னொரு காவல், ஒன்றுமே தொடாத வெற்று ஸ்வாப்பையும் அதே வரிசையில் சேர்ப்பது. ரசாயனங்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும். யோனியில் பாக்டீரியா ஏராளம் என்பதால் அந்தக் கலப்படம் அங்கே பெரிதாகத் தெரியாது. ஆனால் கருப்பைக்குள் எடுக்கும் மாதிரியில் பாக்டீரியா மிகச் சொற்பம், கருவியும் யோனி வழியாகத்தான் உள்ளே போகிறது. 'கருப்பை மைக்ரோபயோம்' என்று அறிவிக்கும் எந்த ஆய்வையும் வெற்று மாதிரியின் முடிவைக் காட்டாவிட்டால் நான் நம்புவதில்லை. நஞ்சுக்கொடியில் பாக்டீரியா சமூகம் இருக்கிறது என்று சில ஆண்டுகள் பரபரப்பாகப் பேசப்பட்டது. கேம்பிரிட்ஜ் குழு ஒன்று 2019-இல் கவனமாகச் சோதித்தபோது கிடைத்தவற்றில் பெரும்பாலானவை கலப்படமாகவோ பிரசவ நேரத்தில் ஒட்டியதாகவோ முடிந்தன.

16எஸ் என்னும் அடையாளம்

பாக்டீரியாக்கள் அனைத்திலும் 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணு உண்டு. சுமார் 1,500 எழுத்து நீளம். அதில் எல்லா இனத்துக்கும் பொதுவான பகுதிகள் இருக்கின்றன. இனத்துக்கு இனம் மாறும் ஒன்பது பகுதிகளும் இருக்கின்றன, வி1 முதல் வி9 வரை. பொதுப் பகுதியில் ஒட்டும்படி ப்ரைமர் என்ற சிறு டிஎன்ஏ துண்டைச் செய்து, நடுவில் உள்ள மாறும் பகுதியை பிசிஆரில் பெருக்கி, வரிசையைப் படித்து, இன்ன இனம் என்று சொல்வதுதான் உத்தி. வளர்க்கத் தேவையில்லை. ஐனர்ஸ் தனக்குரிய இடத்தைப் பிடித்தது இப்படித்தான். சியாட்டிலில் டேவிட் ஃபிரெட்ரிக்ஸ் குழு 2005-இல் அதுவரை யாரும் வளர்க்காத மூன்று பாக்டீரியாக்களை வஜைனோசிஸ் உள்ள பெண்களிடம் கண்டதும் இந்த வழியில்தான்.

சரி, இதில் என்ன வம்பு? ப்ரைமர்தான். 27எஃப் என்று பெயர் கொண்ட மிகப் பிரபலமான ப்ரைமர், கார்ட்னெரெல்லாவின் மரபணுவோடு சரியாக ஒட்டாது, ஓரிரு எழுத்து பொருந்தாது. விளைவு, வஜைனோசிஸின் முக்கியக் குற்றவாளி என்று 1955 முதல் சந்தேகிக்கப்பட்ட பாக்டீரியாவே சில ஆய்வுகளில் ஆளைக் காணோம். 2008-இல் அந்தக் குறையைச் சுட்டி, பல வடிவங்களைக் கலந்து திருத்திய ப்ரைமர் ஒன்றை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய கட்டுரையில் 'கார்ட்னெரெல்லா மிகக் குறைவு' என்று இருந்தால், எந்த ப்ரைமர் என்று பார்க்காமல் மேலே படிக்கக் கூடாது.

எந்த மாறும் பகுதி என்பதும் முக்கியம். குடல் ஆய்வுகளில் வி4 மிகவும் பிரபலம். ஆனால் லாக்டோபேசில்லஸின் நெருங்கிய உறவினங்களைப் பிரிக்க அது திணறும். வி4-ஐப் பயன்படுத்திய இசாலா திட்டம் அதை மறைக்காமல் 'கிரிஸ்பேட்டஸ் குழு', 'ஜென்சனி குழு' என்றே எழுதியது. நேர்மையான வழக்கம். யோனியில் எந்த லாக்டோபேசில்லஸ் என்பது சின்ன விஷயமல்ல. கிரிஸ்பேட்டஸ் லாக்டிக் அமிலத்தின் இரண்டு வடிவங்களையும் தயாரிக்கும். ஐனர்ஸ் ஒன்றைத்தான் தயாரிக்கும். கிரிஸ்பேட்டஸ் இருந்தால் சமூகம் நிலையாக நிற்கும். ஐனர்ஸ் இருந்தால் எந்தப் பக்கமும் சாயலாம். வெறுமனே 'லாக்டோபேசில்லஸ் 90%' என்று சொல்லும் அறிக்கை பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

கார்ட்னெரெல்லாவிலும் இதே சிக்கல். ஒரே இனம் என்று நினைத்திருந்ததை 2019-இல் பல இனங்களாகப் பிரித்தார்கள். 16எஸ் வரிசை அவற்றைச் சரியாகப் பிரிக்காது. சிபிஎன்60 என்ற வேறொரு மரபணுவையோ முழு மரபணுத்தொகுதியையோ படிக்க வேண்டியிருக்கிறது. நோயறிகுறியே இல்லாத பெண்களிடமும் கார்ட்னெரெல்லா இருப்பது ஏன் என்ற பழைய கேள்விக்கு விடை அந்தப் பிரிவுகளில் இருக்கலாம் என்று பலர் தேடுகிறார்கள்.

சதவீதத்தின் பொறி

வரிசை படிக்கும் இயந்திரம் எத்தனை பாக்டீரியா இருக்கிறது என்று சொல்லாது. விகிதத்தை மட்டும் சொல்லும். ஒரு ஸ்வாப்பில் லாக்டோபேசில்லஸ் 90 லட்சம், கார்ட்னெரெல்லா 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் கார்ட்னெரெல்லா 10%. அடுத்த வாரம் ஏதோ காரணத்தால் லாக்டோபேசில்லஸ் 10 லட்சமாகச் சரிந்துவிட்டது, கார்ட்னெரெல்லா அப்படியே இருக்கிறது. அறிக்கை இப்போது 50% என்று சொல்லும். படிப்பவர் கார்ட்னெரெல்லா ஐந்து மடங்கு பெருகியதாக நினைப்பார். அது ஒன்றுகூடப் பெருகவில்லை.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, அளவறியும் பிசிஆரால் மொத்த பாக்டீரியா எண்ணிக்கையைத் தனியாக அளந்து விகிதத்தோடு பெருக்குவது. இரண்டு, விகிதத் தரவுக்கென்றே உள்ள மடக்கைக் கணக்கைப் பயன்படுத்துவது. முதலாவது செலவு அதிகமில்லாத வேலை. அதைச் செய்யாமல் விடுவதற்கு இன்று நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பாக்டீரியாவிலும் 16எஸ் மரபணுவின் பிரதிகள் எத்தனை என்பதும் வேறுபடும், அதுவும் எண்ணிக்கையைச் சாய்க்கும்.

பல்வகைமைக் குறியீடு குறித்தும் ஒரு எச்சரிக்கை. குடலில் பலவகை பாக்டீரியா இருந்தால் நல்லது என்பது பொது நம்பிக்கை. யோனியில் நிலைமை நேர் எதிர். ஒரே லாக்டோபேசில்லஸ் இனம் ஆட்சி செய்வது பெரும்பாலும் நலத்தின் அடையாளம். குடலுக்கு எழுதிய விளக்கத்தை அப்படியே இங்கே ஒட்டினால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

16எஸ் வேண்டாம், மாதிரியில் உள்ள மொத்த டிஎன்ஏவையும் படித்துவிடலாம் என்பது ஷாட்கன் முறை. பூஞ்சை, வைரஸ், மரபணுக்களின் வேலை எல்லாம் தெரியும். இதற்கென்று 2020-இல் வந்த 'விர்கோ' என்ற பட்டியலில் யோனி நுண்ணுயிர்களின் மரபணுக்கள் கிட்டத்தட்ட 10 லட்சம் இருக்கின்றன. ஆனால் யோனி ஸ்வாப்பில் உதிர்ந்த செல்கள் நிறைய. படிக்கும் வரிசைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அந்தப் பெண்ணின் சொந்த டிஎன்ஏவாகவே இருப்பது சகஜம். காசு வீண் என்பது ஒரு பக்கம். அவருடைய மரபணுத் தகவல் முழுவதும் ஆய்வாளரின் கணினியில் உட்கார்ந்திருக்கிறது என்பது இன்னொரு பக்கம். பொதுத் தளத்தில் ஏற்றும் முன் மனித வரிசைகளை நீக்கியே ஆக வேண்டும். ஒப்புதல் படிவத்தில் இதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லியிருக்கவும் வேண்டும்.

யாருடைய இயல்பு?

2011-இல் ஜாக் ராவெல் குழு அமெரிக்காவில் நோயறிகுறி இல்லாத 396 பெண்களின் மாதிரிகளைப் படித்து, யோனி சமூகங்களை ஐந்து வகையாகப் பிரித்தது. நான்கில் முறையே கிரிஸ்பேட்டஸ், கேசரி, ஐனர்ஸ், ஜென்சனி ஆட்சி. மீதியுள்ள ஒன்றில், அதாவது நான்காம் வகையில், லாக்டோபேசில்லஸ் குறைவு, பலவகை பாக்டீரியா. லாக்டோபேசில்லஸ் ஆட்சி வெள்ளையர்களில் 89.7%, ஆசியர்களில் 80.2%, கறுப்பினத்தவரில் 61.9%, ஹிஸ்பானியர்களில் 59.6% மட்டுமே. அதாவது எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களில் ஒரு பெரும்பகுதியினர் பாடப்புத்தகத்தின் 'இயல்பு' வட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். பிஎச் 4.5-க்கு மேல் போனால் கோளாறு என்ற விதியையே அந்த ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தினார்கள்.

குறைப்பிரசவ ஆய்வுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு குழு 2015-இல், லாக்டோபேசில்லஸ் குறைந்த சமூகத்துக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு என்றது. 2017-இல் அதே கேள்வியை இரண்டு இடங்களில் சோதித்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் தொடர்பு மீண்டும் தெரிந்தது. அலபாமாவில், பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் இருந்த குழுவில், தெரியவில்லை. அலபாமா பெண்கள் ஏற்கெனவே குறைப்பிரசவ ஆபத்து அதிகம் உள்ளவர்கள், அதற்கான சிகிச்சையிலும் இருந்தவர்கள். இனமா, சிகிச்சையா, வாழ்நிலையா என்று பிரிக்க முடியாது. ஓரிடத்தில் செய்த சோதனைக் கருவியை இன்னோரிடத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது மட்டும் தெளிவு.

முறை சரியாக அமைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் காப்ரிசா 004 நல்ல சாட்சி. டெனோஃபோவிர் என்ற எச்ஐவி மருந்தை ஜெல்லாக யோனியில் தடவும் சோதனை அது. 2010-இல் வந்த முடிவில் தொற்று 39% குறைந்திருந்தது. ஏன் அவ்வளவுதான்? சேமித்து வைத்திருந்த அலசல் மாதிரிகளில் 688 பெண்களுடையதை எடுத்து, டிஎன்ஏவுக்குப் பதில் புரதங்களை, மூலக்கூறு நிறையை அளக்கும் நிறைமாலைமானியில் படித்தார்கள். 2017-இல் வந்த விடை: லாக்டோபேசில்லஸ் ஆண்ட பெண்களிடம் ஜெல் 61% காத்தது, மற்றவர்களிடம் 18%. கார்ட்னெரெல்லா அந்த மருந்தையே உறிஞ்சி உடைத்துக்கொண்டிருந்தது. வேறு காரணத்துக்காக எடுத்த அலசலை யாரோ பொறுப்போடு உறைநிலையில் காத்ததால் கிடைத்த விடை இது.

இந்தியாவில் நிலவரம் இரண்டு துருவமாக இருக்கிறது. ஒரு பக்கம், வெள்ளைப்படுதலோடு வரும் பெண்ணுக்கு லேப் சோதனை இல்லாமல் அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து கொடுக்கும் திட்டம் பல காலமாக நடக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் பச்சை நிற இரண்டாம் எண் பெட்டியில் பாக்டீரியாவுக்கான செக்னிடசோலும் பூஞ்சைக்கான ஃபுளூகோனசோலும் சேர்ந்தே இருக்கும். லேப் இல்லாத இடத்தில் அது பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் அங்கே யாரும் ஸ்லைடுகூடப் பார்ப்பதில்லை, அதனால் தரவும் சேர்வதில்லை. மறுபக்கம், ஃபரிதாபாதில் உள்ள டிஎச்எஸ்டிஐ என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனம் 2015 முதல் குருகிராம் அரசு மருத்துவமனையில் நடத்தும் 'கர்பிணி' கர்ப்பிணிகள் ஆய்வு. கர்ப்பத்தின் வெவ்வேறு கட்டங்களில் யோனி ஸ்வாப் எடுத்து, குறைப்பிரசவத்தோடு ஒப்பிட்டுப் படிக்கிறார்கள்.

அருமையான முயற்சி. இருந்தாலும் கர்ப்பிணிகளின் படத்தை எல்லாப் பெண்களின் படமாக எடுத்துக்கொள்ள முடியாது. கர்ப்பத்தில் லாக்டோபேசில்லஸ் கூடுவதும், பிரசவத்துக்குப் பின் சட்டென்று சரிவதும், மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் குறைந்து மீண்டும் மாறுவதும் தெரிந்ததே. நம் ஊரில் மணமாகாத பெண்ணிடம் ஸ்பெகுலம் வைத்து மாதிரி கேட்கவே முடியாது. ஸ்வாப் என்றாலும் தயங்குவார்கள். ஒப்புதல் வாங்கும்போது மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்பார்கள். அந்தச் சூழலில் 'கடைசியாக எப்போது உடலுறவு' என்ற கேள்விக்கு வரும் விடையை எவ்வளவு நம்பலாம்? தனி அறையும், பெண் களப்பணியாளரும், பேசக் கொஞ்சம் நேரமும் இங்கே ப்ரைமர் அளவுக்கு முக்கியமான ஆய்வுக் கருவிகள்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைத் தேடும் சோதனையில் பெண்களே ஸ்வாப் எடுத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. அந்தச் சோதனை பரவும்போது, தனியாக ஒப்புதல் வாங்கி, மிஞ்சும் திரவத்தைச் சேமித்தால், கர்ப்பிணி அல்லாத ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்களின் யோனி மைக்ரோபயோம் தரவு முதல்முறையாகக் கைக்கு வரும். ஆனால் அந்தச் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படும் குழாய்த் திரவங்கள் சிலவற்றில் மெத்தனால் உண்டு. டிஎன்ஏ காப்பாற்றப்படும், பாக்டீரியா செத்துவிடும். அமெரிக்காவில் 2020-இல் வஜைனோசிஸ் திரும்பி வருவதை 45 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைத்த 'லாக்டின்-வி' சிகிச்சையில் இருந்தது, ஒரு பெண்ணிடமிருந்து உயிரோடு பிரித்தெடுத்து வளர்த்த கிரிஸ்பேட்டஸ். நம் பெண்களிடம் வாழும் கிரிஸ்பேட்டஸை அப்படி ஒரு நாள் பயன்படுத்த வேண்டுமானால், அதே வருகையில் இரண்டாவதாக ஒரு ஸ்வாப் எடுத்து, கிளிசரால் கலந்த திரவத்தில் போட்டு உடனே உறைய வைக்க வேண்டும். ஒரு குச்சி, ஒரு குழாய், ஒரு ஃப்ரீசர் கூடுதல் செலவு. இதைத் திட்டம் தீட்டும்போதே சேர்த்துவிட வேண்டும்.